புல் முதலில் வரட்டும், மாடு பிறகு வரட்டும்

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நான் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் மதுராந்தகம் பக்கம். ஏரிப் பாசனத்தில் 2 ஏக்கர் கழனி, அதை ஒட்டி 40 சென்ட் மேட்டு நிலம். போர் தண்ணீர் சித்தப்பாவோடு பங்கு. அப்பாவுக்கு 61 வயது, முழங்கால் வலி. அம்மாவுக்கு 54. சம்பா, நவரை இரண்டு பருவமும் நெல்தான். உழவு, அறுப்பு எல்லாம் மெஷின். வைக்கோலை வயலிலேயே வியாபாரிக்குக் கொடுத்துவிடுகிறோம், எரு லாரியில் வாங்குகிறோம். அம்மா ஒரு ஜெர்சி கலப்பின மாடு வைத்திருக்கிறார். வருஷக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. மனைப்பிரிவு போடுகிறவர்களுக்கு விற்றுவிடலாம் என்கிறார் அண்ணன். எனக்கு மனம் வரவில்லை. ஒருங்கிணைந்த பண்ணையம் பற்றி நிறைய வீடியோ பார்த்தேன். 5 மாடு, 20 ஆடு, 500 நாட்டுக்கோழி, மீன்குட்டை, காளான், தேனீ எல்லாம் சேர்த்து ஆறரை லட்சத்தில் அமைத்துத் தருவதாக ஒரு நிறுவனத்தார் சொல்கிறார்கள். என்னிடம் மூன்றரை லட்சம் இருக்கிறது. மீதிக்குத் தனிநபர் கடன் எடுக்கலாமா? வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாமா?

பதில்:

அன்புள்ள தம்பி,

கடன் எடுக்க வேண்டாம். வேலையையும் இப்போது விட வேண்டாம். நிலத்தை விற்கவும் அவசரப்பட வேண்டாம். இந்த மூன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இந்தப் பதில் உங்கள் கைக்கு வர வேண்டும் என்பதுதான் என் கவலை.

உங்கள் கடிதத்தில் ஒரு வரிக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். "வைக்கோலை வயலிலேயே வியாபாரிக்குக் கொடுத்துவிடுகிறோம், எரு லாரியில் வாங்குகிறோம்." ஆறரை லட்சத்துக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தவர்கள் இந்த வரியைப் பற்றி உங்களிடம் ஒரு கேள்வியாவது கேட்டார்களா? ஒருங்கிணைந்த பண்ணையம் தொடங்குகிற இடமே அதுதான். உங்கள் கழனியில் விளைந்த வைக்கோல் ஊரைத் தாண்டிப் போகிறது. யாரோ ஒருவருடைய மாடு அதைத் தின்று போட்ட சாணம் லாரி வாடகையோடு உங்கள் கழனிக்குத் திரும்பி வருகிறது. போகும்போதும் காசு நஷ்டம், வரும்போதும் காசு நஷ்டம். நெல்லை அப்படியே மூட்டையில் விற்கிறீர்கள் என்றால் தவிடும் நொய்யும் கூடவே போய்விடுகின்றன. அதே தவிட்டைக் கடையில் மூட்டையாக வாங்கித்தான் அம்மா மாட்டுக்கு வைக்கிறார். ஒன்றின் கழிவு இன்னொன்றின் தீனியாவதைத்தான் இந்தப் பண்ணைய முறை என்கிறோம். ஒரே வேலிக்குள் ஏழு வகை ஜீவன்களைக் கொண்டுவந்து நிறுத்தி, ஏழுக்கும் கடையில் தீனி வாங்கினால் அது ஏழு தனித்தனித் தொழில். ஏழு தனித்தனி நஷ்டமும் அதில் வரலாம்.

நான் வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்து, முப்பது வருஷத்துக்கு மேல் அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். வேலைக்குச் சேர்ந்த சில வருஷங்களில் ஒரு கடன் திட்டத்தில் மாடு வாங்கும் பெண்களுக்குக் கால்நடைச் சான்று கொடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. கணவரை இழந்த ஓர் அம்மாவுக்கு மூன்று கலப்பினப் பசுக்கள். மே மாதம், சந்தையிலிருந்து லாரியில் வந்து இறங்கின. மடி பார்த்தேன், பல் பார்த்தேன், காய்ச்சல் பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன். அந்த வீட்டில் ஒரு கட்டுப் புல்லாவது இருக்கிறதா என்று பார்க்கவில்லை. மூன்றாவது வாரத்தில் பால் பாதியானது. ஆறாவது மாதம் ஒரு மாடு செத்தது. மற்ற இரண்டும் அடிமாட்டு விலைக்குப் போயின. கடன் மட்டும் அந்த வீட்டில் பல வருஷம் இருந்தது. மாட்டில் குறை எதுவும் இல்லை. தீனி இல்லாத இடத்துக்கு மாட்டை அனுப்பிய எங்கள் எல்லோர் மேலும்தான் குறை. அதற்குப் பிறகு யார் மாடு கேட்டு வந்தாலும் புல்லைக் காட்டுங்கள் என்றுதான் முதலில் கேட்டேன். உங்களிடமும் அதையே கேட்கிறேன்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கறவை மாடு ஒன்றுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிலோ பசுந்தீவனம் வேண்டும். வருஷத்துக்கு ஒன்பது டன்னுக்கு மேல் ஆகிறது. வேளாண் பல்கலைக்கழகத்தின் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் வகைகள் நல்ல பராமரிப்பில் எக்டருக்கு வருஷம் 400 டன் வரை தரும் என்பார்கள். சென்ட் கணக்கில் ஒன்றரை டன்னுக்குச் சற்று மேல். அது ஆராய்ச்சிப் பண்ணையின் தண்ணீரும் உரமும். பங்குப் போரில், மே மாத வெயிலில், உங்கள் மேட்டு நிலத்துக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்ட்டுக்கு 800 கிலோ. அப்படியானால் ஒரு மாட்டுக்குப் பதினோரு பன்னிரண்டு சென்ட், இரண்டு மாட்டுக்கு 23 சென்ட், ஐந்து மாட்டுக்கு 57 சென்ட் புல் நிலம் வேண்டும். உங்களிடம் இருக்கிற மேட்டு நிலம் மொத்தமே 40 சென்ட்.

வைக்கோல் கணக்கும் அதே பதிலைத்தான் தருகிறது. நாளைக்கு 5 கிலோ என்றால் இரண்டு மாட்டுக்கு வருஷத்துக்கு மூன்றரை டன்னுக்குக் கொஞ்சம் கூட. இரண்டு ஏக்கர் சம்பாவில் ஏறக்குறைய அவ்வளவு வைக்கோல் கிடைக்கும். ஆக, உங்கள் நிலம் இரண்டு மாடுகளைத் தாங்கும். மூன்றாவது மாடு கடைத் தீவனத்தில் நிற்கும். பால் உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் தீனிதான் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கடைத் தீவனத்தில் நிற்கிற மாட்டின் பால் காசு தீவனக் கடைக்கே போய்விடும்.

அதனால் முதல் வேலை புல் நடுவது. 25 சென்ட்டில் ஒட்டுப்புல் கரணை (நடுவதற்கான தண்டுத் துண்டு), 5 சென்ட்டில் வேலிமசால் என்கிற பயறு வகைத் தீவனச் செடி, வேலி ஓரமெல்லாம் தழைக்காக அகத்தியும் கிளைரிசிடியா மரமும். புல் மட்டும் போட்டால் புரதம் பற்றாது. முக்கால் பங்கு புல், கால் பங்கு பயறு வகைத் தழை என்று கலந்து வைத்தால் தவிடு புண்ணாக்குச் செலவு கண்ணுக்குத் தெரியும்படி குறையும். நட்ட புல் முதல் அறுப்புக்கு வர 75 முதல் 80 நாள், அதற்கப்புறம் 45 நாளைக்கு ஒரு அறுப்பு. அந்த 80 நாளும் இரண்டாவது மாட்டைப் பற்றிப் பேச்சே வேண்டாம். உங்களுடையது ஒரு எக்டருக்குள் அடங்குகிற நிலம் என்பதால் வட்டாட்சியர் அலுவலகத்தில் சிறு, குறு விவசாயி சான்றிதழ் வாங்கிவிடுங்கள். சொட்டுநீருக்கு முழு மானியம் அதை வைத்துத்தான். பங்குத் தண்ணீரில் புல் வளர்க்கிறவர்களுக்குச் சொட்டுநீர் பெரிய உதவி. சித்தப்பாவோடும் மனஸ்தாபம் வராது.

சம்பா அறுத்ததும் வைக்கோலை விற்காதீர்கள். வண்டி அறுத்துப் போட்ட வைக்கோலை உருளையாகக் கட்டுகிற இயந்திரத்துக்குக் கட்டுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்துக் கட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்து தார்ப்பாய் போட்டு வையுங்கள். தை மாதத்து வைக்கோல் ஈரமில்லாமல் காய்ந்து கிடைக்கும். நவரை வைக்கோலை வேண்டுமானால் விற்கலாம்.

இப்போது உங்கள் அம்மாவைப் பற்றிப் பேச வேண்டும். கடிதத்தில் அவரைப் பற்றி இரண்டே இரண்டு விவரம் இருக்கிறது. 54 வயது, ஒரு மாடு வைத்திருக்கிறார். 5 மாடு, 20 ஆடு, 500 கோழி என்று எழுதும்போது அதையெல்லாம் யார் பார்ப்பார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அப்பாவால் குனிய முடியாது. நீங்கள் அம்பத்தூரில். அம்மாதான் பார்ப்பார் என்பது சொல்லாமலே முடிவாகிவிட்டது. நான் பார்த்த ஒருங்கிணைந்த பண்ணைகளில் கைவிடப்பட்டவை பெரும்பாலும் நோயாலோ விலையாலோ கைவிடப்படவில்லை. அந்த வீட்டுப் பெண்ணின் இடுப்பு ஒடிந்தபோது நின்றுபோயின.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு சனி, ஞாயிறு முழுக்க அம்மா கூடவே இருங்கள். ஒரு நோட்டில் எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தார், சாணம் எத்தனை கூடை, கழனிக் கரையில் புல் அறுக்க எவ்வளவு நேரம், எத்தனை குடம் தண்ணீர் சுமந்தார், பால் சங்கத்துக்கு எவ்வளவு தூரம் நடந்தார். கறவை மாடு வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு அறுபது லிட்டருக்கு மேலும் குடிக்கும். அதை யார் தூக்குகிறார்கள் என்று பாருங்கள். உங்கள் மூன்றரை லட்சத்தில் முதலில் செலவழிக்க வேண்டிய காசு எது என்பது அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் மூன்று விஷயங்களில் வந்து நிற்கும். கொட்டாய்க்குத் தண்ணீர்க் குழாயும் தொட்டியும், மோட்டார் வைத்த புல் நறுக்கும் இயந்திரம், கொட்டாய்க்குச் சரிவான சிமெண்டுத் தரை. இந்த மூன்றையும் செய்து முடிக்காமல் இரண்டாவது மாடு வாங்கினால் அந்த மாட்டுக்கும் அம்மாவே தண்ணீர் தூக்குவார்.

சிமெண்டுத் தரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மாட்டின் கழிவில் இருக்கிற தழைச்சத்தில் ஏறத்தாழ பாதி மூத்திரத்தில்தான் இருக்கிறது. மண் தரைக் கொட்டாயில் அது முழுக்கத் தரையோடு போய்விடுகிறது. சாணத்தை மட்டும் அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு யூரியா மூட்டை வாங்கப் போகிறோம். தரையைச் சரிவாகப் போட்டு, ஓரத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி, அதை எருக்குழிக்கோ புல் பாத்திக்கோ திருப்பிவிட்டால், உர மூட்டை வாங்குகிற காசில் ஒரு பகுதி உங்கள் பையிலேயே நிற்கும். எருக்குழி மேல் ஒரு கீற்றுக் கூரையும் வேண்டும். வெயிலில் காய்ந்து மழையில் கரைந்த குப்பையில் சத்து இருக்காது, கனம் மட்டும்தான் இருக்கும்.

ஆனாலும் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இரண்டு மாட்டுச் சாணம் இரண்டு ஏக்கருக்குப் பற்றாது. நெல்லுக்கு ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் என்பது பரிந்துரை. ஒரு மாடு நாளைக்கு 12 கிலோ சாணம் போட்டாலும் வருஷத்துக்கு நாலு டன்னுக்குச் சற்று மேல், அது மக்கினால் பாதியாகிவிடும். மீதியைத் தக்கைப்பூண்டு என்கிற பசுந்தாள் உரப் பயிர் தரும். சம்பாவுக்கு முன்னால் ஏக்கருக்கு 20 கிலோ விதை தெளித்து, 45 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதுவிடுங்கள். அப்பாவுக்கு இது புதிதாக இருக்காது. அவர் அப்பா காலத்தில் செய்ததுதான். ஏரி வற்றும் கோடையில் வட்டாட்சியர் அனுமதியோடு வண்டல் மண் எடுத்துக் கழனியில் அடிக்கிற வாய்ப்பும் இருக்கிறது. அதையும் விடாதீர்கள்.

சாண எரிவாயுக் கலன் வைக்கலாமா என்று கேட்பீர்கள். வைக்கலாம். ஒரு கன மீட்டர் வாயுவுக்கு 25 கிலோ சாணம் வேண்டும். இரண்டு மாடும் ஒரு கன்றும் அதைத் தந்துவிடும். அப்பா, அம்மா இருவருக்கு அடுப்பு எரியும். வாயு போனபின் வெளியே வருகிற கரைசலில் தழைச்சத்து குறையாமல் இருக்கும், அதை நேராகப் புல் பாத்திக்கு விடலாம். ஆனால் இது இரண்டாவது மாடு வந்தபிறகு.

கோழிக்கு வருகிறேன். 500 வேண்டாம். 500 கோழி என்பது பண்ணை. தீவனம், ஆள், மருந்து, இரவுக் காவல் எல்லாம் தனிக் கணக்கு. வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தால் ஒரே வாரத்தில் கொட்டகை காலியாகிவிடும். 20 பெட்டை, 2 சேவல் போதும். இந்த அளவு வரைக்கும் கோழி உங்கள் நிலத்தில் கிடைப்பதையே பொறுக்கித் தின்னும். நொய், சிந்திய நெல், கொட்டாய்ப் புழு பூச்சி, கொஞ்சம் அசோலா (தண்ணீரில் மிதந்து வளரும் சிறு பெரணி). குஞ்சுகளுக்குக் கரையான் பிடித்துப் போடுகிற முறை உங்கள் ஊர்ப் பாட்டிகளுக்குத் தெரிந்திருக்கும். பழைய பானையில் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, வைக்கோல் எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கரையான் இருக்கிற இடத்தில் கவிழ்த்து வைத்தால் விடியும்போது பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். இதைவிட நல்ல புரதத் தீவனம் குஞ்சுக்குக் கிடையாது. முட்டை கொஞ்சம் அதிகம் வேண்டுமென்றால் நந்தனம் கோழி ரகங்களைப் பற்றி விசாரியுங்கள். நம் சென்னை நந்தனத்துக் கோழி ஆராய்ச்சி நிலையத்தில் உருவானதால்தான் அந்தப் பெயர். ஆனால் அடை காத்துக் குஞ்சு பொரிக்க உள்ளூர்க் கோழிக்கு ஈடில்லை, அதனால் இரண்டும் கலந்து வையுங்கள். தடுப்பூசியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இரவில் கீரியும் பூனையும் நுழையாத கூண்டு அவசியம்.

ஆடு இந்த வருஷம் வேண்டாம். உங்கள் ஊரில் மேய்ச்சல் நிலம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 20 வெள்ளாடு இருந்தால் முதலில் உங்கள் அகத்தியைத் தின்னும், அடுத்தது பக்கத்துக் கழனியைத் தின்னும். ஊர்ச் சண்டையில் முடியும். மூன்றாவது வருஷம் ஆசை இருந்தால் ஐந்து செம்மறி வாங்குங்கள். சென்னைச் சிவப்பு என்று ஓர் இனம் இருக்கிறது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் சொந்த ஆடு, இந்த வெயிலுக்கும் இந்தப் புழுக்கத்துக்கும் பழகியது. அறுத்த கழனியில் தாளை மேய்ந்துகொள்ளும். ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் ஊசி போட்டு, மழைக்கு முன்னும் பின்னும் குடற்புழு மருந்து கொடுத்தால் அதிகம் படுத்தாது.

தேனீ வேண்டாம். காளான் வேண்டுமானால் நவரை வைக்கோலில் பால் காளான் முயலலாம். சிப்பிக் காளான் குளிர்ச்சி கேட்கும், செங்கல்பட்டு வெயிலுக்குப் பால் காளான்தான் ஒத்துவரும். ஆனால் பறித்ததும் தாமதிக்காமல் விற்க வேண்டும், தினமும் கவனிக்க ஆள் வேண்டும். அம்மாவின் நோட்டில் இடம் இருந்தால் பார்க்கலாம்.

மீன்குட்டை எனக்குப் பிடித்த யோசனை. ஆனால் அடுத்த கோடையில். கழனியின் தாழ்ந்த மூலையில் 10 சென்ட், ஆறடி ஆழம். வெட்டிய மண்ணைக் கரையில் கொட்டி உயர்த்தி வாழை, அகத்தி, முருங்கை நடுங்கள். 10 சென்ட் நெல் போகிறதே என்று அப்பா வருத்தப்படுவார். அந்தப் பத்து சென்ட்டில் ஒரு பருவத்துக்கு வருகிற நெல் மூன்று மூட்டைக்குள்தான். அதே இடத்தில் 200 மீன்குஞ்சு விடலாம். கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். ஒன்றின் தீனிக்கு இன்னொன்று போட்டிக்கு வராது. சாணமும் கோழி எச்சமும் தண்ணீரில் நுண்ணுயிர்களை வளர்க்கும், மீன் அதைத் தின்னும். எட்டு, பத்து மாதத்தில் நூறு கிலோ அளவுக்கு எடுக்கலாம். உங்கள் ஊர்ச் சந்தை விலையால் நீங்களே பெருக்கிப் பார்த்து அப்பாவிடம் காட்டுங்கள். குட்டையின் அடிச் சேறு மறுபடி கழனிக்கு உரம்.

எச்சரிக்கையும் இருக்கிறது. மேகமூட்டமான நாட்களில் குட்டையில் சாணம் போடாதீர்கள். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் தண்ணீரில் மூச்சுக்காற்று பற்றவில்லை என்று அர்த்தம். உடனே புதுத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சு மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள், அது தடை செய்யப்பட்ட மீன். இன்னொன்று, குட்டை வந்துவிட்டால் கழனியில் கண்டபடி மருந்து அடிக்க முடியாது. நெல்லுக்கு அடித்தது மடை வழியாகக் குட்டைக்குத்தான் வரும். வரப்பில் உளுந்தும் தட்டைப்பயறும் விதைத்தால் பூச்சிகளைத் தின்னும் நன்மைப் பூச்சிகள் வந்து தங்கும், மருந்துத் தேவை குறையும். ஆனாலும் மேல் கழனிக்காரர் அடிக்கிற மருந்துத் தண்ணீர் உங்கள் குட்டைக்கு வராதபடி கரை இருக்கிறதா என்று பார்த்துத்தான் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கார்த்திகை மழையை நினைவில் வையுங்கள். 2015 டிசம்பரை நீங்கள் சென்னையில் பார்த்திருப்பீர்கள், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்திருப்பீர்கள். நம் வட மாவட்டங்களில் எந்தப் பண்ணைத் திட்டமும் ஐப்பசி, கார்த்திகையைத் தாங்குமா என்று கேட்டுத்தான் போட வேண்டும். குட்டைக் கரை வெள்ள மட்டத்துக்கு மேல் இருக்க வேண்டும், வடிகாலில் வலை கட்ட வேண்டும், இல்லையென்றால் மீன் ஏரிக்குப் போய்விடும். மாட்டுக் கொட்டாயும் வைக்கோலும் மேட்டில் இருக்க வேண்டும்.

இவ்வளவு செய்தால் எவ்வளவு லாபம் என்று கேட்பீர்கள். மாதம் இத்தனை ஆயிரம் என்று நான் எழுதித் தரமாட்டேன். தருகிறவர்களை நம்பாதீர்கள். ஆனால் ஒன்று நிச்சயமாக மாறும், காசு வருகிற தேதி. இப்போது உங்கள் வீட்டுக்கு நெல் காசு வருஷத்தில் இரண்டு முறை வருகிறது. நடுவில் இருக்கிற மாதங்களில்தான் உரக்கடைக் கடன், கைமாற்று, நகை அடகு எல்லாம். அந்த வட்டிதான் உங்கள் நெல் லாபத்தைத் தின்கிறது என்று நினைக்கிறேன். அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். பால் காசு வாரத்துக்கோ பத்து நாளுக்கோ ஒரு முறை வரும். முட்டைக் காசு தினச் செலவுக்கு. மீன் வருஷத்துக்கு ஒரு முறை, மொத்தமாக. ஒவ்வொன்றும் சின்னத் தொகைதான். ஆனால் நடவுக் கூலிக்கு நகையை அடகு வைக்காமல் ஒரு பருவத்தைத் தாண்டினாலே அந்தக் குடும்பத்தின் நடை மாறிவிடும். இதை நான் பல வீடுகளில் கண்ணால் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 2015-16 கணக்கெடுப்பின்படி முக்கால் எக்டர்தான், இரண்டு ஏக்கருக்கும் குறைவு. உங்களுடையது அதைவிடக் கொஞ்சம் கூட. இந்த அளவு நிலத்தில் நெல் மட்டும் போட்டுக்கொண்டு நான்கு மாதம் காத்திருக்கிற தெம்பு எந்தக் குடும்பத்துக்கும் இல்லை.

நீங்கள் சென்னையில் இருப்பதும் இந்தப் பண்ணையின் ஒரு உறுப்புதான். அதனால்தான் வேலையை விட வேண்டாம் என்றேன். ஒரு ஏக்கர் சம்பா நெல்லை விற்காமல் வைத்து, உமி வேறு, தவிடு வேறாகப் பிரிக்கிற ரப்பர் ஷெல்லர் இயந்திரம் இருக்கிற மில்லில் மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக அரையுங்கள். இரண்டு டன் நெல்லில் ஆயிரத்து இருநூறு, முந்நூறு கிலோ அரிசி வரும். உங்கள் குடியிருப்பில் பத்து வீடு மாதம் 25 கிலோ எடுத்தால் ஐந்து மாதத்தில் தீர்ந்துவிடும். தவிடும் நொய்யும் வீட்டில் நிற்கும். மொத்தமாக அரைத்தால் தவிடு சிக்கு வாடை அடித்துவிடும், மாடு முகம் திருப்பும், அதனால்தான் மாதா மாதம். பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஊரிலிருந்து வரும்போது முட்டையும் முருங்கைக்காயும் கொண்டுவாருங்கள். பாலை இவ்வளவு தூரம் கொண்டுவர நினைக்காதீர்கள். அது சங்கத்துக்கே போகட்டும். கொழுப்பும் இதர சத்தும் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். பசும்புல்லோடு தாது உப்புக் கலவையும் தினம் 30 முதல் 50 கிராம் வைத்தால் பாலின் தரமும் நிற்கும், மாடு காலத்தில் சினையும் பிடிக்கும்.

பணம் பற்றி. தனிநபர் கடன் வட்டிக்கு எந்த மாடும் கறக்காது. தேவைப்பட்டால் கால்நடைக்கும் மீன் வளர்ப்புக்கும் கிசான் கடன் அட்டையில் கடன் உண்டு. 2018-19 முதல் அந்த வசதி இருக்கிறது. அப்பா பெயரில் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ கேளுங்கள். முதல் வருஷத்தில் உங்கள் சேமிப்பில் பாதியைக்கூடத் தொட வேண்டியிருக்காது. மீதி, மாடு படுத்தாலோ மழை பொய்த்தாலோ கை கொடுக்கட்டும். அண்ணனிடமும் கோபிக்காதீர்கள். நிலத்தால் வீட்டுக்குக் கடன்தான் வருகிறது என்று பார்த்து வளர்ந்தவர் அப்படித்தான் பேசுவார். இந்தக் கணக்கை அவரோடும் உட்கார்ந்து போடுங்கள்.

காசு கட்டி யாரிடமும் திட்டம் வாங்குவதற்கு முன் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஒரு நாள் போய்வாருங்கள். கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. பூந்தமல்லி பக்கத்துக் காட்டுப்பாக்கம் என்று நினைத்துப் போய்விடாதீர்கள். இது ஜி.எஸ்.டி. சாலையில், பொத்தேரி, காட்டாங்கொளத்தூர் பக்கம். நீங்கள் ஊருக்குப் போகிற வழிதான். சென்னைச் சிவப்பு ஆட்டை அந்த வளாகத்துப் பண்ணையிலேயே பார்க்கலாம். பயிற்சி நாட்களையும் புல் கரணை எங்கே கிடைக்கும் என்பதையும் அங்கே கேளுங்கள். அப்பாவை விட்டுவிட்டாலும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஒரு விவரம் மட்டும் உங்கள் கடிதத்தில் இல்லை. அம்மாவின் மாடு இப்போது கறவையிலா, சினையா, சினை என்றால் எத்தனை மாதம்? இரண்டு மாடும் ஒரே நேரத்தில் கன்று போட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் வற்றிவிடும், அந்த மாதங்களில் பால் காசே வராது. ஒன்று வற்றும்போது இன்னொன்று கறவையில் இருக்க வேண்டும். அதற்கு இடையில் ஆறு மாதமாவது இடைவெளி தேவை. அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். இரண்டாவது மாட்டை எந்த மாதம் வாங்குவது என்று அதை வைத்துச் சொல்கிறேன். அதற்குள் புல் நட்டுவிடுங்கள்.